மார்பில் வைத்த புள்ளி

“உங்க படம் பொய் சொல்லுது!”

டாக்டர் குலசேகரன் கதவைக்கூடத் தட்டவில்லை. உள்ளே வந்ததும் கத்தினார்.

மெஹர் திரும்பினாள். இதய சி.டி. படங்களைப் படிப்பவள். அவருக்கு ஐம்பத்திரண்டு, அவளுக்கு முப்பத்து மூன்று. ஆனால் சின்னக் கீறலில் இதய ஆபரேஷன் செய்ய, அவள்தான் அவருக்கு வாத்தியார். அது அவருக்குக் கசப்புதான். மறைக்கவும் தெரியாது.

“என்ன ஆச்சு சார்?”

“இன்னைக்கு ஆபரேஷன் பண்ணவருக்குப் போன வாரம் படம் எடுத்தப்பவே தோல்ல புள்ளி வெச்சோம்ல? அதே புள்ளியில கீறினேன். ரத்தக்குழாய் அங்க இல்ல. கடைசியில நெஞ்செலும்பைப் பிளந்துதான் முடிச்சேன்.”

“நாளைக்கு யாரு?”

“வேலுச்சாமி. மார்க்கெட்ல மூட்டை தூக்குறவரு. எலும்பைப் பிளந்தா மூணு மாசம் வேலை போச்சு. பிளக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

“குடுத்துட்டு இங்க வந்து கத்துறீங்க.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“சட்டையைக் கழட்டிட்டு மேசையில படுங்க.”

“நானா?”

“பின்ன, நானா?”

படுத்தார்.

“படம் எடுக்குறப்ப மாதிரி கையைத் தலைக்கு மேல தூக்குங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க.”

விரலால் விலா எண்ணி, நீல மையில் ஒரு புள்ளி வைத்தாள்.

“இது எத்தனாவது விலா இடுக்கு சார்?”

“நாலு.”

“மூச்சை விடுங்க. கையை இறக்குங்க. இப்போ தொட்டுப் பாருங்க.”

தொட்டார். புள்ளிக்கு அடியில் ஐந்தாவது விலா.

திரும்ப எண்ணினார். ஐந்துதான்.

“ஆபரேஷன்ல கை எங்க இருக்கும் சார்?”

“…பக்கத்துல.”

“மூச்சு?”

“இடது நுரையீரலைச் சுருக்கியே வெச்சிருப்போம்.”

எழுந்து உட்கார்ந்தார். “அப்போ படம் பொய் சொல்லல. புள்ளிதான் நகர்ந்திருக்கு.”

மெஹர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து நீட்டினாள். “அழிச்சிட்டுப் போங்க. வீட்ல கேட்டா என்ன சொல்வீங்க?”

மறுநாள் வேலுச்சாமியின் கையைப் பக்கவாட்டில் இறக்கி வைத்தபிறகுதான், குலசேகரன் விலாக்களை மேலிருந்து எண்ணினார். ஒன்றுக்கு நாலு தடவை.

“சார், எலும்பு ரம்பம் எடுத்து வெக்கட்டுமா?” நர்ஸ் கேட்டாள்.

“இருக்கட்டும். உறையைப் பிரிக்காத.”

மூன்று விரல் அகலத்துக்குக் கீறினார். உள்ளே, மஞ்சள் கொழுப்புக்கு நடுவே, படத்தில் பார்த்த அதே வளைவோடு ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது.

ரம்பம் கடைசிவரை உறையிலேயே இருந்தது.

சாயங்காலம் வேலுச்சாமி கண் விழித்து, முதல் காரியமாக நெஞ்சின் நடுவே தடவிப் பார்த்தார். சிரித்தார்.

கட்டிலருகே நின்ற குலசேகரனின் கையும் தன் சட்டைக்கு மேல், நெஞ்சின் இடது பக்கம் போனது.

அந்த நீலப் புள்ளியை அழித்துவிடச் சொல்லியிருந்தாள் மெஹர். அவர் அழிக்கவில்லை.