மொட்டைக்கு ஒரு துணிப்பூ

மொட்டைத் தலையில் மாட்டிய கிளிப் எந்த முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நீங்களே சொல்லுங்கள்?

நம் பேச்சிக்கனிக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தோன்ற நேரம் ஏது? நாத்தனார் ஆவுடையின் வாயை அடைக்கிற வேலையில் மும்முரமாக இருந்தாள்.

ஆவுடையின் வளைகாப்புக்கு அவள் எவர்சில்வர் தூக்குவாளி வாங்கிப் போயிருந்தாள். "மதினிக்குக் கடைக்காரனைத்தான் தெரியும், கைவேலை தெரியாது" என்று ஆவுடை அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டாள். இப்போது ஆவுடையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை வைத்துக் குத்துவார்கள். தாய்மாமன் பேச்சிக்கனியின் புருஷன் தங்கதுரை. விடுவாளா?

தையல் வகுப்பு எடுக்கிற ஜெபசீலியிடம் போய் நின்றாள். ஜெபசீலி இவளுக்கு இளையவள். இவள் அவளை டீச்சர் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

"டீச்சர், துணியில பூ செஞ்சு கிளிப்புல ஒட்டணும். பார்த்ததும் எங்க நாத்தனாருக்குப் பேச்சு வரக்கூடாது."

"பிள்ளைக்கு எவ்ளோ முடி இருக்கு அக்கா?"

"அது கோரைப்புல்லு மாதிரி கெடக்கு."

டீச்சர் சாட்டின் துணியை வட்டமாக வெட்டிக் கொடுத்தாள். ஓரத்தில் நூலை ஓட்டி இழுத்தால் துணி சுருங்கி இதழாகும். பிசிறு வராமல் இருக்க மெழுகுவத்தித் தீயில் லேசாகக் காட்ட வேண்டும். பேச்சிக்கனி காட்டிய முதல் இதழ் அப்பளமாகப் பொரிந்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா? எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பூ செய்து முடித்தாள்.

"பந்தியில கடைசி ஆளுக்குத் தெரியாதே டீச்சர். இன்னும் பெருசாக்குவோம்."

"பிள்ளை தலையை அளந்து பார்த்தீங்களா?"

"கிளிப்புக்குப் போயி அளவெடுப்பாங்களா யாராச்சும்?"

பூ தேங்காய்மூடி அளவாயிற்று. நடுவில் முத்தும் ஏறிற்று.

டீச்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு. யாருக்குன்னு சொன்னீங்க?"

"எங்க நாத்தனாருக்குக் காட்ட."

"சரி" என்றாள் டீச்சர்.

சாஸ்தா கோயிலில் கூட்டம் கூடியிருந்தது. எல்லோரும் பார்க்கும்படி பேச்சிக்கனி டப்பாவைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். மழுமழுவென்று மொட்டை. மேலே அப்பிய சந்தனம்.

முடி இறக்கிவிட்டுத்தான் காது குத்துவது அவர்கள் குடும்பத்து வழக்கம். பேச்சிக்கனியே தன் மகனுக்கு இதே கோயிலில்தான் இறக்கியிருக்கிறாள்.

ஆவுடை பூவைப் பார்த்தாள், மொட்டையைப் பார்த்தாள்.

"மாட்டுறதுக்கு ஆணியும் கொண்டாந்திருக்கீங்களா மதினி?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. தங்கதுரையும் சிரித்தான், அதுதான் பேச்சிக்கனிக்குப் பொறுக்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் ஓடினாள். அங்கே விசேஷத்துக்கு வந்திருந்த டீச்சர் இலையில் சர்க்கரைப்பொங்கலை வழித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சேதான இருந்தீங்க?"

"கேட்டேனே அக்கா."

"இப்ப இந்தச் சனியனை நான் எங்க கொண்டு வைக்க?"

டீச்சர் விரலை நக்கினாள். "உங்க தலையில இருக்கிற பிச்சிப்பூ எப்படி இருக்கு?"

பேச்சிக்கனி பின்னந்தலையைத் தடவினாள். "எனக்கு எப்படித் தெரியும்? பாக்கிறவங்கல்ல சொல்லணும்."

"அப்ப, பிள்ளை பூவைப் பார்க்கணும்னா?"

பேச்சிக்கனி கையிலிருந்த துணிப்பூவைப் பார்த்தாள்.

அங்கே பிள்ளை வீறிட்டது. ஆசாரி கம்பியோடு குனிந்தால் மொட்டை இந்தப் பக்கம் போனது, நிமிர்ந்தால் அந்தப் பக்கம் போனது. கிலுகிலுப்பை ஆட்டினார்கள், செல்போனைக் காட்டினார்கள். ஆவுடைக்கே கண் கலங்கிவிட்டது.

பேச்சிக்கனி தேங்காய்மூடிப் பூவைத் தன் முன்னந்தலையில் குத்திக்கொண்டாள். புருஷன் மடிக்கு எதிரே மண்டியிட்டுத் தலையை நீட்டினாள்.

அழுகை பாதியில் நின்றது. பிள்ளை வாயைத் திறந்தபடி பார்த்தது. இரண்டு கையாலும் பூவைப் பிடித்தது. ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். வலியில் அது ஒரு கத்துக் கத்தி, பிடித்த பிடியை இறுக்கியது. பூவோடு அத்தையின் கொத்து முடியும் உள்ளே மாட்டிக்கொண்டது.

"யம்மா!" என்று பேச்சிக்கனி நிமிரப் பார்த்தாள்.

ஆவுடை ஓடிவந்து அவள் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"மதினி, மதினி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், தலையை மட்டும் எடுத்துராதீங்க! இன்னொரு காது இருக்கு!"