லிகோரியின் ஐஸ் கம்பெனி

இருட்டின பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ இரும்பைக் கடைவாய்ப்பல்லில் வைத்துக் கடிப்பது போல இருந்தது.

சூசை பேச்சை நிறுத்தினார். இறால் ஏற்றுமதி செய்கிறவர்; ஐம்பதைத் தாண்டியவர். எதிரே உட்கார்ந்திருந்த ஞானப்பூ அம்மாள் அவரைவிட இளையவர். கல்லூரியில் கணக்கியல் சொல்லிக்கொடுத்தவர், வேலையை விட்டுவிட்டுக் கடலோரம் ஒற்றை அறையில் ஜெபமும் மௌனமுமாக இருக்கிறார். வயதைப் பார்க்காமல் சூசை அவரைக் குருவாக வரித்திருந்தார்.

“கேள்வியை முடிங்க, அண்ணாச்சி,” என்றார் அம்மாள்.

“எதிர்த்தாப்ல இருக்கிற ஐஸ் கம்பெனிதாம்மா. என் டிரைவர் லிகோரி பேர்ல இருக்கு. பங்கு மொத்தமும் அவனுது, எனக்கு ஒண்ணுகூடக் கிடையாது. ஆனா அதோட கடனையும் நட்டத்தையும் என் கம்பெனிக் கணக்கோட சேர்த்துத்தான் காட்டணுங்கிறார் ஆடிட்டர்.”

“காட்டினா?”

“காலையில கொச்சியிலிருந்து தோமாச்சன் பணம் போட வர்றார். சேர்த்த கணக்கைப் பார்த்தா வந்த காரிலேயே திரும்பிடுவார். அவர் பணம் இல்லன்னா என் ஷெட்டை மூடணும். இறால் உரிக்கிற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் வேலை போயிரும்.”

மறுபடியும் அந்தச் சத்தம். சூசைக்கு நெற்றி வேர்த்தது.

“அது என்ன?” என்றார் அம்மாள்.

“கம்ப்ரசர் இடிக்குதும்மா. இப்படியே ஓடினா உடைஞ்சிரும்.”

“முதலாளி பார்த்துக்குவாரு. நீங்க உட்காருங்க.”

“லிகோரி ஊர்லயே இல்லியே. கொழுந்தியா மகளுக்குக் காது குத்து.”

“முதலாளி காதுகுத்து விருந்துல இருக்காரு. உங்களுக்கு ஏன் வேர்க்குது?”

சூசை சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அடுத்த இடிக்கு எழுந்தேவிட்டார். வெறுங்காலோடு ரோட்டைக் கடந்து ஓடி, திகைத்து நின்ற ஆபரேட்டரைத் தள்ளிவிட்டு மெஷினைத் தன் கையாலேயே நிறுத்தினார்.

திரும்பி வந்தபோது முழங்கை வரை கிரீஸ்.

“ஐஸ் விலையை யாரு வைக்கிறது?” என்று கேட்டார் அம்மாள், நடுவில் எதுவுமே நடக்காதது போல.

“நான்தான்.”

“லாபம் வந்தா?”

“இதுவரை வந்ததில்ல. வந்தா அவன் சம்பளம் போக எனக்கு.”

“நட்டம்?”

“பேங்குல ஜாமீன் போட்டது நான்தானேம்மா.”

“அவரு இதை வித்துட்டுப் போயிட்டா?”

“லிகோரியா? என்னைக் கேக்காம ஒரு ஐஸ் கட்டியைக்கூட விக்க மாட்டான்.”

“அப்ப அவருக்கு என்னதான் இருக்கு?”

சூசை யோசித்தார். “போர்டுல பேரு இருக்கு.”

அம்மாள் அவர் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார். சூசைக்குக் கோபம் வந்தது.

“பத்திரத்துல என்னுது இல்லையேம்மா!”

“உங்களுதுன்னு நான் சொன்னேனா?”

அப்போது சூசையின் போன் அடித்தது. லிகோரி. பின்னால் நாதஸ்வரம் இரைந்தது.

“முதலாளி, மெஷின் மக்கர் பண்ணுதாமே? கிளம்பி வரட்டுமா?”

“வேண்டாம்டே. நீ பந்தியைக் கவனி. நான் இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அம்மாள் விளக்கின் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் சேர்த்துக் காட்டி, தோமாச்சன் ஓடிட்டாருன்னா?” இந்த முறை குரல் தணிந்திருந்தது.

“பணம் போடுறவருக்கு, ஓடணும்னா வாசல் எங்கேன்னு தெரிய வேண்டாமா, அண்ணாச்சி?”

சூசை போனில் ஆடிட்டரைக் கூப்பிட்டு, “ஒரு பைசா விடாம சேர்த்தே எழுதுங்க,” என்றார். ரோட்டைக் கடந்தார். ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டர் வரவழைத்த மெக்கானிக் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். தன் வீட்டுக்குள் போகிறவரைப் போல சூசை உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.