பெரியம்மாவின் ஐந்தாவது கால்

இந்தக் கதையில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. யானை அளவுக்குப் பெரியது. ஆனால் அதை இப்போதே எடுத்துக் கொடுத்துவிட முடியாது. முதலில் ஒரு செடிக்கு வேர் அழுகத் தொடங்க வேண்டும், ஒரு பறவைக்குத் தொண்டை கட்ட வேண்டும், ஒரு யானை தலையைக் குனிய வேண்டும். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வாருங்கள்.

அந்தக் காலத்தில் விலங்குக்கும் வாய் இருந்தது, செடிக்கும் வாய் இருந்தது, யாரும் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட புதர்க்காட்டில், செம்மண்ணும் பாறையும் கலந்த ஒரு மேட்டில், அடினியம் வாழ்ந்தாள். இன்று நம் மொட்டை மாடித் தொட்டிகளில் குண்டு அடியும் ரோஸ் நிறப் பூவுமாக நிற்கிறதே, அதே அடினியம்தான். ஆனால் அன்று அவள் முருங்கைக் குச்சியை நட்டு வைத்ததுபோல ஒல்லியாக இருந்தாள். வெயில் என்றால் அவளுக்கு உயிர். மற்ற செடிகள் வாடித் தொங்கும் கோடையில்தான் அவளுக்குப் பூக்கவே தோன்றும். அவள் உடம்பில் ஓடியது கசப்புப் பால் என்பதால் மானும் ஆடும் ஒரு முறை கடித்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை. ஆக, அவளுக்கு எதிரி என்று யாரும் கிடையாது.

இருந்தவள் ஒரு தோழி. அவளால்தான் உயிர் போகப் பார்த்தது.

தோழியின் பெயர் சுபிரா. இளம் யானை. அவளுடைய கூட்டத்துக்குத் தலைவி மகேனா பெரியம்மா. அந்த வருடம் மழை பொய்த்ததும் மகேனா கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு தொலைதூர ஆற்றுக்குப் புறப்பட்டாள். முள் குத்தி நடக்க முடியாமல் இருந்த சுபிராவை மட்டும், மேட்டின் அடியில் இருந்த ஊற்றருகே விட்டுப் போனாள்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் மகேனா. "புண்ணு ஆறுற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகர்ந்தே, அப்புறம் இருக்கு உனக்கு. தண்ணி இருக்கு, தழை இருக்கு, குடிச்சிட்டுத் தின்னுட்டுப் பேசாம கிட. வம்பு வளர்க்காதே. நான் ஒண்ணும் சொல்லல."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் மகேனாவின் பேச்சு. அந்தக் கனத்த குரலைக் கேட்டால் சுபிரா மட்டுமல்ல, கூட்டமே தலையைக் குனிந்துவிடும். தலைவி முன்னால் கண்ணை உயர்த்தக் கூடாது, அவள் காலைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பது யானைகளின் முறை.

யானைகளுக்கு இன்னொரு முறையும் இருந்தது. சாப்பிடுகிறவர் "போதும்" என்றால் அது மரியாதைக்குச் சொல்வது. அதை நம்பி நிறுத்திவிட்டால் அவமானம். இன்னொரு முறை வைக்க வேண்டும். மறுபடியும் "போதும்" என்றால் மறுபடியும் வைக்க வேண்டும்.

தனியாக விடப்பட்ட சுபிராவுக்குக் கொஞ்சுவதற்குக் குட்டி இல்லை, பேசுவதற்கு ஆள் இல்லை. மேட்டில் ஒல்லியாக நின்ற அடினியத்தைப் பார்த்தாள். மனசு உருகிவிட்டது.

"ஐயையோ, என் கண்ணு, இப்படி நரம்பா நிக்கிறியே! உன்னைக் கவனிக்க ஆளே இல்லையா?"

நொண்டி நொண்டி ஊற்றுக்குப் போய் ஒரு தும்பிக்கை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அடினியம் ஆசையாகக் குடித்தாள். நல்ல தண்ணீர், நல்ல தோழி. மாலையில் இன்னொரு தும்பிக்கை வந்தது.

"போதும் அக்கா" என்றாள் அடினியம்.

"பாரேன், எவ்வளவு மரியாதை!" என்று பூரித்துப்போன சுபிரா இன்னொரு நடை போய் வந்தாள்.

மறுநாள் நான்கு. அதற்கடுத்த நாள் ஆறு. மண் காயவே இல்லை. அடினியத்தின் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. அதைப் பார்த்த சுபிராவுக்கு அழுகையே வந்துவிட்டது. "தாகத்துல வாடுறா என் கண்ணு!" என்று இன்னும் அதிகமாக ஊற்றினாள். இன்னும் அதிகமாக இலை உதிர்ந்தது. அதைப் பார்த்து இன்னும் அதிகமாக ஊற்றினாள்.

இதையெல்லாம் பக்கத்து வேலமரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான் கரிச்சான் குருவி. கன்னங்கரேலென்று, வால் இரண்டாகப் பிளந்து, எந்நேரமும் யார் குரலையாவது தொண்டையில் வைத்துக்கொண்டு திரிகிறவன். சிங்கமாக உறுமி மான்களை ஓட வைப்பான். கழுதைப்புலியாகச் சிரித்து சிங்கத்தையே எரிச்சலாக்குவான். தூக்கத்தில் இருக்கும் நீர்யானையின் காதருகே, அதன் மனைவியின் குரலில், "இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் பறந்துவிடுவான். வறண்ட கோடையில் பூச்சிகள் தேடி வருவது அடினியத்தின் பூவை மட்டும்தான். அந்தப் பூச்சிகளை வைத்துத்தான் கரிச்சானின் கோடை ஓடும். இந்த வருடம் பூவையும் காணோம், பூச்சியையும் காணோம். என்ன சங்கதி என்று இறங்கி வந்து, அடினியத்தின் அடித்தண்டை அலகால் ஒரு தட்டு தட்டினான். மெத்தென்று உள்ளே போனது.

"என்ன அடினியம், உடம்பு இப்படிப் பஞ்சா இருக்கு?"

"வேர் அழுகுது கரிச்சான்" என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஊத்தினா நான் அப்படியே சாஞ்சிடுவேன்."

"வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டுத்தான் இருக்கேன். அவங்க அதை மரியாதைன்னு நினைக்கிறாங்க."

"நான் சொல்றேன்" என்று கரிச்சான் சுபிராவிடம் பறந்து போனான். "சுபிராக்கா, சத்தியமா சொல்றேன், தண்ணியை நிறுத்து. உன் செடி அழுகிச் சாகுது."

சுபிரா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "போன வாரம் பின்னாடி சிங்கம் நிக்குதுன்னு சொன்னே. நொண்டிக் காலோட பாறை மேல ஏறி உக்காந்தேன். அதுக்கு முந்தி எனக்கு மாப்பிள்ளை வந்திருக்கான்னு சொன்னே. நானும் புழுதி பூசி அலங்காரம் பண்ணிட்டுப் போய் நின்னேன். போடா அந்தப் பக்கம்."

கரிச்சானுக்கு ஒன்று புரிந்தது. இவளிடம் உண்மை எடுபடாது. பொய்தான் எடுபடும்.

அன்று மாலை இடியாக உறுமினான். மழை வரப்போகிறது என்று நினைத்து அவள் நிறுத்துவாள் என்பது அவன் கணக்கு. சுபிரா வானத்தைப் பார்த்தாள். "மழைல நனைஞ்சா பாப்பாவுக்குக் குளிருமே. அதுக்குள்ள வயிறு நிறைய ஒரு வாய் குடிச்சிடட்டும்" என்று ஓடிப்போய் இரண்டு நடை கூடுதலாக ஊற்றினாள். அடுத்த நாள் சிங்கமாக உறுமினான். "சிங்கத்துக்குச் சளி பிடிச்சிருக்கு போல, வீட்டுக்குப் போகச் சொல்லு" என்றபடி ஊற்றினாள்.

கரிச்சான் கிளையில் உட்கார்ந்து யோசித்தான். சுபிரா யாருக்குத்தான் பயப்படுவாள்? வால் தானாகவே துடிக்க ஆரம்பித்தது.

"அடினியம்" என்றான், குரலைத் தாழ்த்தி. "நீ குடிச்ச தண்ணியெல்லாம் எங்கே இருக்கு?"

"பாதி மண்ணுல. பாதி என் வேருக்குள்ள. வேரெல்லாம் கீழே ஊதிப்போய்க் கிடக்கு."

"அழுகின வேரை விட்டுத்தள்ளு. நல்லா இருக்கிற வேரைப் பிடிச்சுக்கோ. இருக்கிற தண்ணியை எல்லாம் அதுக்குள்ள இழுத்துக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு மேலே ஒரு எக்கு எக்கு. காலை வெளியே காட்டு. மிச்சம் இருக்கிற இலையையும் உதிர்த்துடு."

"இலையும் இல்லாம, காலையும் வெளியே நீட்டிக்கிட்டு... பார்க்கிறவங்க என்னன்னு நினைப்பாங்க?"

"யானைன்னு நினைப்பாங்க" என்றான் கரிச்சான்.

அடினியம் மூச்சைப் பிடித்தாள். ஊதிய வேர் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. சாம்பல் நிறம், சுருக்கம் விழுந்த தோல், அடியில் அகன்று பரந்த பாதம். வெளியே வந்த வேரில் காற்று பட்டது, வெயில் பட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

சுபிரா தும்பிக்கை நிறையத் தண்ணீரோடு பாடிக்கொண்டே மேடேறி வந்தாள். வழக்கமான இடத்தில் சடாரென்று ஊற்றினாள்.

"யாருடி அது, என் கால்ல தண்ணி ஊத்துறது?"

மேட்டையே அதிரவைத்த கனத்த குரல். சுபிராவின் தும்பிக்கையில் மீதம் இருந்த தண்ணீர் அவள் தொண்டைக்குள்ளேயே போய்ப் புரையேறியது. தலை தானாகக் குனிந்தது. கண்ணெதிரே ஒரு கால். சாம்பல் நிறம். சுருக்கம். சந்தேகமே இல்லை.

"பெ... பெரியம்மா! எப்ப வந்தீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றது குரல். "வயசான உடம்பு, அசதியா வந்து புதர் ஓரமா நிக்கிறேன். வந்ததும் வராததுமா காலை நனைச்சு வைக்கிறே. எனக்கு வாதம் வரணும்னு வேண்டுதலா? நான் ஒண்ணும் சொல்லல."

"மன்னிச்சிடுங்க பெரியம்மா. இங்க ஒரு செடி இருந்துச்சு..."

"செடி ஓய்வு எடுக்கப் போயிருக்கு. நீயும் போ."

மற்ற மூன்று கால்களும் புதருக்குப் பின்னால் இருக்கும் என்று சுபிரா தானாகவே முடிவு செய்துகொண்டாள். நிமிர்ந்து பார்க்கவா முடியும்? பின்பக்கமாகவே நடந்து மேட்டை விட்டு இறங்கினாள். கரிச்சான் வேலமரத்துக் கிளையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சத்தம் வந்துவிடக் கூடாதே!

அதற்குப் பிறகு தினமும் காலையில் சுபிரா மேடேறி வந்து, தலை குனிந்து காலுக்கு வணக்கம் சொன்னாள். குரல் திட்டியது. அவள் இறங்கிப் போனாள். மண் காய்ந்தது. அடினியத்தின் தண்டு மெல்ல மெல்லக் கெட்டியானது. ஆனால் மகேனாவின் குரல் கரிச்சானுக்கு ரொம்பப் பெரிய சட்டை. தினமும் அதைப் போட்டுக் கழற்றியதில் ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அன்று பார்த்து சுபிரா வெறும் வணக்கத்தோடு வரவில்லை.

"பெரியம்மா, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். உங்க கால் ரொம்ப வீங்கியிருக்கு. உப்பு மண்ணை ஜாஸ்தி தின்னாதீங்கன்னா கேக்குறீங்களா? ஊத்துத் தண்ணி கொண்டாந்திருக்கேன். ஜில்லுன்னு நல்லா ஊத்தி விடுறேன், வீக்கம் வடிஞ்சிடும்."

கரிச்சான் வாயைத் திறந்தான். "க்ஹ்" என்றான். அவ்வளவுதான்.

"போதும்னு சொல்ல வர்றீங்க. மரியாதையெல்லாம் என்கிட்ட எதுக்குப் பெரியம்மா?" என்று தும்பிக்கையைத் தூக்கினாள் சுபிரா.

அடினியம் அந்தத் தும்பிக்கையை அண்ணாந்து பார்த்தாள். வேரின் ஓரத்தில் இருந்த புண் இப்போதுதான் காய்ந்து மூடியிருந்தது. இன்னொரு வெள்ளம் வந்தால் அவ்வளவுதான். கரிச்சான் இறக்கையை அடித்துக்கொண்டு ஏதோ ஜாடை காட்டினான். இத்தனை நாளும் "போதும் அக்கா" என்று முணுமுணுத்த அதே வாயை அடினியம் முழுசாகத் திறந்தாள். இத்தனை நாள் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த அந்தக் குரலைத் தன் அடிவேரிலிருந்து எடுத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல! ஆனா வேண்டாம்னா வேண்டாம்! ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா தெரியும் சேதி!"

சுபிரா தண்ணீரைத் தன் முதுகிலேயே ஊற்றிக்கொண்டு ஓடினாள். காலில் புண் ஆறிவிட்டது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கரிச்சான் அடினியத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிய தொண்டையில், "என் பிழைப்புல மண்ணைப் போட்டியே!" என்று வெறும் காற்றாகக் கிசுகிசுத்தான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கோடை உச்சிக்கு ஏறியது. புதர்கள் எல்லாம் விறகாக நின்றன. அடினியம் மட்டும், ஒரு இலைகூட இல்லாத கிளை நுனிகளில், கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூத்தாள். எங்கெங்கிருந்தோ பூச்சிகள் வந்தன. கரிச்சானுக்குத் தொண்டை சரியாயிற்று, வயிறும் நிறைந்தது. சுபிரா இது எதையும் பார்க்கவில்லை. அவள்தான் தலையை நிமிர்த்துவதே இல்லையே!

அப்படி ஒரு காலையில் அவள் தலை குனிந்து, "வணக்கம் பெரியம்மா, தூங்கினீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் மண் அதிர்ந்தது. ஆற்றுக்குப் போன கூட்டம் திரும்பியிருந்தது. முன்னால் வந்த மகேனா, சுபிராவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் மகேனா. "யாருக்குடி வணக்கம் வைக்கிறே?"

"உங்களுக்குத்தான் பெரியம்மா" என்றாள் சுபிரா, குனிந்தபடியே. "உங்க காலுக்கு."

"என் கால் இங்க இருக்கு."

சுபிரா கண்ணை மட்டும் திருப்பினாள். பக்கத்தில் நான்கு கால்கள். எல்லாம் பெரியம்மாவுடையவை. கண்ணை முன்னால் திருப்பினாள். இன்னொரு கால். மறுபடி பக்கத்தில் பார்த்தாள். மறுபடி முன்னால் பார்த்தாள்.

"பெரியம்மா" என்றாள் மெதுவாக. "உங்களுக்கு மொத்தம் எத்தனை கால்?"

வேலமரத்தில் இருந்து அடக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. கழுதைப்புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. கரிச்சானின் சொந்தக் குரல்.

சுபிரா தலையை நிமிர்த்தினாள். காலுக்கு மேலே முழங்கால் இல்லை, வயிறு இல்லை. கிளைகள் இருந்தன. கிளை முழுக்கப் பூ. அவள் வாழ்நாளில் அந்தச் செடியை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. தும்பிக்கை நுனியை நீட்டி, அந்தக் குண்டுக் காலின் ஓரமாக மண்ணுக்குள் மெல்ல விட்டாள். பொடிப்பொடியாக, காய்ந்த மண்.

"ஒரு சொட்டுகூட இல்லாமலா..." என்றாள். பிறகு, "அப்ப நீ போதும்னு சொன்னது..."

"போதும்னுதான் சொன்னேன் அக்கா" என்றாள் அடினியம்.

சுபிராவின் தொங்கிய காதுகள் இரண்டும் விரிந்தன, வயிறு குலுங்கியது, "டேய் கரிச்சான்ன்ன்!" என்று காடே கேட்கும்படி ஒரு பிளிறல். அதன் நடுவிலேயே சிரிப்பு வந்து, பிளிறல் எது, சிரிப்பு எது என்று தெரியாமல் போயிற்று.

அன்று முதல்தான் அடினியம் யானைக் காலை மண்ணுக்கு மேலே காட்டிக்கொண்டு நிற்கிறாள், இலையைக் கொட்டிவிட்டுப் பூவை வைத்துக்கொள்கிறாள். அவளை வளர்க்கிற எல்லாரும், தண்ணீர்ச் சொம்பைச் சாய்ப்பதற்கு முன்னால், மண்ணுக்குள் ஒரு விரலை விட்டு அவளிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.