சீரங்காயி பக்கத்துல உக்காந்தவ

கண்மாய்க்கு மேற்கால குருவிக்கரைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல சீரங்காயி சீரங்காயின்னு ஒருத்தி இருந்தாளாம். மோரு விக்கிறவ. காலையில பானையத் தலையில வச்சுக்கிட்டு "மோரோய், மோரு"ன்னு தெருவுல எறங்கினான்னா, தொட்டில்ல தூங்குற பிள்ளைகூட முழிச்சுக்கிட்டுச் சிரிக்குமாம். அப்படி ஒரு கணீர்க் குரலு.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு ஐப்பசி மாசத்துல மனசு கெட்டுப்போச்சு. என்னத்தால கெட்டுச்சுன்னு கேக்காதீங்க, அவளுக்கே தெரியாது. புருசன் பெரியாண்டி நல்லவன், எருமை நல்லாக் கறக்குது, வீட்டுல ஒரு குறையும் இல்ல. ஆனாலும் நெஞ்சு மேல யாரோ அம்மிக்கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்கு. எந்திரிக்கணும்னு நெனைப்பா, முடியாது. சாப்பிடணும்னு நெனைப்பா, எறங்காது. அழணும்னு நெனைப்பா, அதுவும் வராது. அப்படியே சுவரப் பாத்துப் படுத்துக்கிட்டா.

பெரியாண்டி பயந்துபோயி, பக்கத்தூரு கோடாங்கி மாயழகக் கூட்டிட்டு வந்தான். கோடாங்கின்னா தெரியும்ல, உடுக்கடிச்சுக் குறி சொல்றவன். அவன் வந்து உடுக்க அடிச்சான், கண்ண உருட்டினான், அப்படியே தொழுவத்துல நிக்கிற ஆடுகளையும் ஒரு பார்வ பாத்துக்கிட்டான்.

"பேய்தாம்ப்பா. புளியமரத்துப் பேயி. கதவச் சாத்து, சன்னல அடை. இவ குளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, யாருகிட்டயும் பேசக் கூடாது. வாரம் ஒரு ஆடு குடு, நான் ஓட்டிப்புடுறேன்."

ஓட்டினான். பேய இல்ல, ஆட்ட! மொத வாரம் கிடாய ஓட்டிட்டுப் போனான், அவளுக்குச் சரியாகல. அடுத்த வாரம் வெள்ளாட்ட ஓட்டிட்டுப் போனான், இன்னும் மோசமாச்சு. அதுக்கும் அடுத்த வாரம் சினையாட்டையும் ஓட்டிட்டுப் போனான், அவளுக்குப் பகலு எது ராத்திரி எதுன்னே தெரியாமப் போச்சு. பாவம்ல? ம்... பாவந்தான்.

பெரியாண்டிக்கு ஒச்சாயின்னு ஒரு தங்கச்சி. ஊர்ல அவளக் 'கிறுக்கச்சி'ன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா மனசுல பட்டத பட்டுன்னு கேட்டுப்புடுவா. சேதி கேள்விப்பட்டு மதினியப் பாக்க ஓடி வந்தா.

"உள்ள போகாத ஒச்சாயி, பேயி உன்னையும் புடிச்சுக்கும்"னான் அண்ணன்காரன்.

"புடிச்சாப் புடிக்கட்டும்ணே. மதினி ஒத்தையில கெடக்குறதுக்கு, பேயோட சேந்து நாங்க மூணு பேரா இருந்துக்கிறோம்."

கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போயி உக்காந்துட்டா.

"போயிரு ஒச்சாயி. என்னால பேச முடியல."

"நீ பேச வேணாம் மதினி. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

உக்காந்து வெங்காயம் உரிச்சா, சாயங்காலம் எந்திரிச்சுப் போனா. மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும் வந்தா. அன்னைக்குத்தான் சீரங்காயி சுவரப் பாத்துக்கிட்டே வாயத் தொறந்தா.

"ஒச்சாயி, நான் செத்துப் போயிட்டா நல்லாருக்கும்னு தோணுதுடி."

ஒச்சாயி பதறல, வையல. கிட்ட வந்து கையப் புடிச்சுக்கிட்டா. "எங்கிட்டச் சொன்னியே, நல்ல காரியம் பண்ணின. இனிமே எப்பத் தோணினாலும் கூப்பிடு, ஓடியாறேன். அண்ணங்கிட்டயும் சொல்லி வைக்கிறேன். உன்ன ஒத்தையில விடமாட்டோம்."

அம்புட்டு நாளா வராத அழுக அப்பத்தான் வந்துச்சு. ஒச்சாயி அழ விட்டா.

அழுது முடிச்சதும், "ஒரு வாயி கூழு குடிக்கிறியா?"ன்னா. குடிச்சா. அப்புறம், "மூஞ்சி மட்டும் கழுவிக்கிறியா?"ன்னா. கழுவிக்கிட்டா. ரெண்டு நாளு கழிச்சு, "கெணத்தடி வரைக்கும் நடக்குறியா?"ன்னா. நடந்தா, வெயிலு பட்டுக் கண்ணு கூசுச்சு. பெரியாண்டிக்கு அப்பத்தான் புத்தி வந்து, சன்னலத் தொறந்து விட்டான். பொண்டாட்டிய உக்கார வச்சு எண்ணெ தேச்சுச் சிக்கெடுத்தான்.

"எருமையத் தேய்க்கிற மாதிரி தேய்க்காதீங்க, வலிக்குது"ன்னா சீரங்காயி. சொல்லிட்டு லேசாச் சிரிச்சா. அவன் சீப்பக் கீழ போட்டுட்டு அழுதுட்டான்.

ஒடனே எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. திரும்பவும் கல்லு ஏறுன நாளும் உண்டு. அன்னைக்கு அவளே ஆளனுப்பி, "இன்னைக்குக் கனமா இருக்குடி"ன்னு சொல்லுவா. ஒச்சாயி வந்து உக்காருவா. கனமில்லாத நாள்ல குளிச்சுட்டு, எருமைகூட வெயில்ல நிப்பா. அப்புறம் சின்னப் பானையா எடுத்துக்கிட்டு சொந்தத் தெருவுல மட்டும் மோரு வித்தா. தை பொறக்குறதுக்குள்ள ஊரு பூரா அந்தக் குரலு கேட்டுச்சு.

கோடாங்கிக்கு வயிறு எரிஞ்சுச்சு, ஆடு போச்சேன்னு. நேரா ராசாகிட்டப் போயி, "ராசாவே, நான் கட்டி வச்ச பேய அந்த ஒச்சாயி அவுத்து விட்டுட்டா, அவ சூனியக்காரி!"ன்னான். ராசா எல்லாரையும் கூப்பிட்டு விட்டாரு.

"நெசமாம்மா?"ன்னு கேட்டாரு.

"ஆமா ராசா, பேயி வெளிய வந்துச்சு"ன்னா ஒச்சாயி. "வந்து இவரு மேலதான் ஏறிக்கிருச்சு. பாருங்க, கண்ணு உருளுது, கை நடுங்குது, வாரம் தவறாம ஆடு கேக்குது. இவரு சொன்ன வைத்தியத்தையே இவருக்கும் பண்ணிப்புடுங்க."

சபையே சிரிச்சுச்சு. கோடாங்கிய இருட்டறையில தள்ளிக் கதவச் சாத்தினாங்க. குளியல் இல்ல, பேச்சு இல்ல. ஒரு பொழுதுகூடத் தாங்கல, கதவ டமடமன்னு தட்டுறான்.

"தெறங்கய்யா! பேயுமில்ல பிசாசுமில்ல! ஆட்டுக்கு ஆசப்பட்டுச் சொன்னேன்! இதுக்குள்ள கெடந்தா எவனுக்கும் புத்தி பேதலிச்சுப் போகும்!"

எல்லாரும் சிரிச்சாங்க, சீரங்காயி சிரிக்கல. "தெறந்து விடச் சொல்லுங்க ராசா. நெஞ்சு மேல கல்லு ஏறுனாப்புல இருக்கும், அந்த இருட்டு எனக்குத் தெரியும். அவருக்கும் வேணாம்"னா.

தெறந்து விட்டாரு. ஆனா சும்மா விடல. எந்தெந்த வீட்டுல ஆடு வாங்கினானோ, அந்தந்த வீட்டுக்கு அவனே ஓட்டிட்டுப் போயித் திருப்பிக் குடுக்கணும், தின்னுட்ட ஆட்டுக்கு ஈடா அந்த வீட்டு மந்தைய மேய்க்கணும்னு தீர்ப்பு. அவன் உடுக்கப் போட்டுட்டுத் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பத் தூக்கினான்.

அப்புறம் ராசா, சேவகன், சபைக்காரங்க எல்லாரையும் அனுப்பிட்டு, இவங்க ரெண்டு பேர மட்டும் இருக்கச் சொல்லி, மெல்லக் கேட்டாரு. "சீரங்காயி, நீ சொன்ன அந்தக் கல்லு... எனக்கும் சில நாளு இருக்கும்மா."

"அப்ப உங்க பக்கத்துல யாரு ராசா உக்காருவாங்க?"

ராசா யோசிச்சாரு. "எல்லாரும் நிப்பாங்க. யாரும் உக்கார மாட்டாங்க."

சீரங்காயி சபை நடுவுல தரையில உக்காந்தா. ஒச்சாயியும் உக்காந்தா. ராசா ரெண்டு பேரையும் பாத்தாரு, கிரீடத்தக் கழட்டி வச்சாரு, படியெறங்கி வந்து அவங்க எதிர்க்கச் சம்மணம் போட்டு உக்காந்தாரு. தெரைக்குப் பின்னால நின்ன ராணியும், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல"ன்னு கேட்டுக்கிட்டே வந்து பக்கத்துல உக்காந்தா.

மனசு கனத்தா வாயத் தொறந்து சொல்லணும் கண்ணுகளா. யாராச்சும் சொன்னா பக்கத்துல போயி உக்காரணும். அம்புட்டுத்தான் கதை. கேட்ட காதும் குளிரட்டும், சொன்ன வாயும் குளிரட்டும், போர்வைய இழுத்துப் போத்திக்கங்க.