சீலா முங்கும் ஆழம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைக் கவனிப்பதற்கென்றே ஒரு சின்ன நிலையம் இருந்தது. அங்கே வேலை கற்றுக்கொள்ள வந்தவர் சங்கரலிங்கம். கற்றுக்கொடுத்தவர் பெர்னதத் என்ற பெண்மணி. சிஷ்யருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுதான்.

சங்கரலிங்கம் அதுவரை கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தவர். தூக்கத்திலும் அவருடைய காது எஞ்சினைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்துவிடுவார். இங்கே அவர் ஓட்டவேண்டிய கருவிக்குச் சத்தமே கிடையாது. அதுதான் அவருக்குப் பெரிய உபத்திரவம்.

அது ஆளில்லாமல் கடலுக்குள் போகிற கருவி. ஓர் ஆள் நீளம், மஞ்சள் நிறம், இரண்டு இறக்கைகள். பார்க்கச் சீலா மீன் மாதிரி இருந்ததால் எல்லோரும் சீலா என்றே கூப்பிட்டார்கள். வயிற்றுக்குள் எண்ணெயை இழுத்துக்கொண்டால் கனத்து முங்கும். எண்ணெயை வெளியே தள்ளினால் மேலே வரும். முங்கி முங்கி எழுந்தே முன்னால் நகரும். போகிற வழியில் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்து வைத்துக்கொள்ளும். மேலே வந்ததும் வாலைத் தூக்கி, செயற்கைக்கோள் வழியாகக் கரையைக் கூப்பிடும். கரை சொல்வதைக் கேட்டுக்கொண்டு மறுபடி முங்கும். முங்கிய பிறகு யார் பேச்சும் அதன் காதில் விழாது.

சீலா இரண்டு கரைகளுக்குப் பொது. ஒன்று இந்த நிலையம். மற்றது இலங்கையில், கற்பிட்டிப் பக்கம் இருந்த நிலையம். நடுக்கடலில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் சங்கரலிங்கம் ஓட்டுவார், அந்தப் பக்கம் ரிஃபாஸ். சீலா குறுக்கும் மறுக்குமாகக் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருக்கும். தாண்டும்போது ஒருவர் போனில் "விட்டேன்" என்று சொல்லவேண்டும். மற்றவர் "பிடித்தேன்" என்று சொல்லவேண்டும். வேறு சடங்கு இல்லை, பூட்டும் இல்லை; இரண்டு கரையிலிருந்தும் எப்போதும் கட்டளை போகும்.

அன்று காலை சங்கரலிங்கம் "விட்டேன்" என்றார். "பிடிச்சிட்டன் சேர்" என்றார் ரிஃபாஸ்.

போனை வைத்த பிறகும் சங்கரலிங்கம் கணினியை விட்டு எழவில்லை.

ரிஃபாஸ் சீலாவை ரொம்ப ஆழத்துக்கு அனுப்பப் போவது திரையில் தெரிந்தது. அத்தனை ஆழம் போனால் சாயங்காலம் வரை அதனிடமிருந்து ஒரு தகவலும் வராது. நூறு மீட்டர் போனால் போதும், சீக்கிரம் மேலே வா என்று சங்கரலிங்கம் ஒரு கட்டளை அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு ரிஃபாஸ் மறுபடி ஆழத்துக்குப் போகச் சொன்னார். இவர் மறுபடி மாற்றினார்.

ஒரு கட்டளையைக் கேட்டு முடிப்பதற்குள் இன்னொன்று வந்ததால் சீலா முங்கவே இல்லை. மேலேயே கிடந்தது. நீரோட்டம் அதைக் கப்பல் பாதைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பெரிய கப்பல்காரன் கண்ணில் அது படாது. ஏறிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். சீலா உடைந்தால் இரண்டு கரைக்கும் நடுவில் இருந்த கூட்டும் உடையும், சங்கரலிங்கத்தின் வேலையும் போகும். வேறு கருவி வாங்க யாரும் தயாராக இல்லை.

போன் அடித்தது.

"சேர், விட்டேன் எண்டு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் ரிஃபாஸ்.

"சொன்னேன் தம்பி."

"பொறகு ஏன் உங்கட கட்டளை வந்துகொண்டே இருக்குது?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"யாரிட்ட இருந்து சேர் பாதுகாப்பு?"

லைன் துண்டானது.

கொட்டகையிலிருந்து பெர்னதத் வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒரு கூட்டாளியை எதுவரைக்கும் நம்பலாம்?"

பெர்னதத் திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"தொட்டியில ஒரு வேலை கிடக்கு. வந்து ஒரு கை பிடிங்க."

"இப்பவா? சீலா கப்பல் பாதைக்குப் போய்க்கிட்டிருக்கு மேடம்!"

"நீங்க இங்க உட்கார்ந்திருந்தா போகாதா?"

சங்கரலிங்கம் எழுந்து பின்னால் போனார். கணினியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கொட்டகையில் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய கருவி ஒன்று, இன்னும் பழுது தீராமல் கிடந்தது. அதைத் தராசில் மாட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்க்கவேண்டும். கூடினால் கடலில் இறங்கியது மேலே வராது. குறைந்தால் முங்காது. ஈயத் துண்டுகளைச் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்வார்கள்.

பெர்னதத் தலைப் பக்கம் பிடித்தார். சங்கரலிங்கம் வால் பக்கம். மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார்கள்.

"விட்டேன்" என்று பெர்னதத் கையை எடுத்தார்.

"விட்டேன்" என்றார் சங்கரலிங்கமும்.

பெர்னதத் தராசைப் பார்த்தார். முள் நகரவில்லை.

"எடையே இல்லையே! ஈயம் பத்தாது போல."

ஒரு துண்டைச் சேர்த்தார். முள் நகரவில்லை. இன்னொன்றைச் சேர்த்தார். அப்போதும் இல்லை. மூன்றாவதைக் கையில் எடுத்தார்.

"மேடம்..."

"என்ன அண்ணாச்சி?"

"என் கை அடியில இருக்கு."

தண்ணீருக்குள், கருவியின் வயிற்றுக்குக் கீழே, சங்கரலிங்கத்தின் இடது கை விரிந்திருந்தது.

"விட்டேன்னீங்களே?"

"மேல் கையை விட்டுட்டேன். இது... பழக்கம் மேடம். விழுந்துருமோன்னு."

"தண்ணிக்குள்ள எங்க விழும்?"

சங்கரலிங்கம் அசடு வழிந்தார். கையை எடுத்தார். முள் சட்டென்று இறங்கியது. வேண்டிய எடைக்கு மிக அதிகம்.

பெர்னதத் தான் போட்ட ஈயத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார். அவசரமே படவில்லை.

"இப்படியே கடல்ல விட்டிருந்தா முங்கினது முங்கினதுதான், அண்ணாச்சி. உங்க கை அதுகூடப் போயிருக்காதே."

சங்கரலிங்கம் ஈரக் கையோடு நின்றார். திடீரென்று நினைவு வந்து முன் அறைக்கு ஓடினார்.

திரையில் சீலாவைக் காணோம்.

"மேடம்! போச்சு!"

பெர்னதத் வந்து குனிந்து பார்த்தார். "போகலை. முங்கியிருக்கு. நீங்க இங்க இல்லாத நேரத்தில அதுக்கு ஒரு ஆள் பேச்சுதான் கேட்டிருக்கு."

"எப்ப வரும்?"

"ரிஃபாஸுக்குத் தெரியும்."

"அவருக்குப் போன் போடட்டுமா?"

"போட்டு?"

சங்கரலிங்கம் போனைக் கீழே வைத்தார்.

அன்றைய பகல் அவருக்கு நகரவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார், மூடினார். கடலைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்ததெல்லாம் மேல் தண்ணீர்தான். பெர்னதத் கொட்டகையில் திருகாணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை சங்கரலிங்கம் போய்ப் பார்த்தார். அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

வெயில் தாழ்ந்தபோது போன் அடித்தது.

"சேர், வந்திட்டுது" என்றார் ரிஃபாஸ். "கப்பல் பாதையை விட்டுத் தள்ளி, உங்கட பக்கமா திருப்பி விட்டிருக்கன். கோட்டைத் தாண்டிட்டுது."

"காலையில நான் செஞ்சது தப்பு தம்பி."

"பரவாயில்ல சேர். விட்டன்."

"நெசமாவா?"

ரிஃபாஸ் சிரித்தார். "நான் விட்டா விட்டதுதான் சேர்."

"பிடிச்சேன்."

சீலா அளந்ததெல்லாம் திரையில் வரிவரியாக இறங்கியது. எண்ணூறு மீட்டர் வரை போயிருந்தது. நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் திடீரென்று உப்புக் கூடி, அப்புறம் குறைந்திருந்தது. வெளிக்கடலிலிருந்து வேறொரு தண்ணீர் உள்ளே வந்து, மேலேயும் கலக்காமல் கீழேயும் கலக்காமல் படுத்துக் கிடந்தது. பெர்னதத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். இந்தக் கரையில் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் சீலா நூறு மீட்டருக்குக் கீழே போனதே இல்லை.

இனி சங்கரலிங்கம் அடுத்த கட்டளையைக் கொடுக்கவேண்டும். சீலா மறுபடி கிழக்கே போகவேண்டிய முறை. நூறு மீட்டர் என்று சொன்னால் சீக்கிரமே இந்தப் பக்கத்திலேயே எழும், இவர் கைக்கே வரும். ஆழமாக அனுப்பினால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் எழும். ரிஃபாஸ்தான் பிடிக்கவேண்டும்.

ஆழத்துக்கான கட்டத்தில் எப்போதும் போல நூறு என்று இருந்தது.

சங்கரலிங்கம் விரலை வைத்தார், எடுத்தார்.

"மேடம், காலையில ஒண்ணு கேட்டேன். கூட்டாளியை எதுவரைக்கும் நம்பலாம்னு. நீங்க பதிலே சொல்லலை."

பெர்னதத் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே அந்தக் கட்டத்தைக் காட்டினார்.

"அதுல நீங்க என்ன போடுறீங்களோ, அதுவரைக்கும்."