ஆடு தொடாத இலை

அந்தக் காலத்தில், ஆடும் செடியும் மனிதரும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிய வாழ்ந்தபோது, மலையடிவாரத்துப் புதர்ச்செடி ஒன்றின் இலை வெல்லம்போல் இனித்தது. ஆடுகள் மேய்ந்தன, பிள்ளைகள் பறித்துத் தின்றார்கள். செடி யாரையும் தடுத்ததில்லை.

ஒரு மார்கழிப் பனியில் ஊருக்குள் காய்ச்சல் வந்தது. முதலில் மூக்கு ஒழுகும், பிறகு உடம்பு கொதிக்கும், மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கும். ஆடு மேய்க்கும் இருளாயியின் புருஷன் அதில் போய்விட்டான். அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றே மகள் பேச்சி இரும ஆரம்பித்தாள். ஐந்து வயதுப் பிள்ளை.

இருளாயி காட்டுக்குள் போய் ஒவ்வொரு செடியாகக் கேட்டாள். "என் இலை சளியைக் கரைக்கும்" என்றது அந்தப் புதர்ச்செடி. இரண்டு நாள் கசாயம் வைத்துக் கொடுத்தாள். பேச்சிக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. சேதி பரவி ஊரே காட்டுக்கு ஓடிக் கிளைகளை ஒடித்தது. மூன்றாம் நாள் காலையில் இருளாயி வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒரே செடியில் ஆறு இலை மிஞ்சியிருந்தது.

"இன்னும் ஒரு வேளை கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள். தண்ணீர் கொதித்த பிறகு கிள்ளு. வாடினால் வீணாகிவிடும்" என்றது செடி.

வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஓடையோ தூரம். ஊராரின் ஆடுகள் மேய்க்க ஆளில்லாமல் திரிந்துகொண்டிருந்தன. இருளாயி தன் செவலை ஆட்டைக் கொண்டுவந்து செடிக்குப் பக்கத்திலேயே முளையடித்துக் கட்டினாள்.

"எந்த ஆடு வந்தாலும் முட்டி விரட்டு. நான் வர்ற வரைக்கும் பாத்துக்க."

"போய் வா" என்றது செவலை.

அவிழ்த்துவிட ஆளில்லாமல் அது நான்கு நாளாக மேயவில்லை. அதன் குட்டி வந்து மடியை முட்டியது. பால் இல்லை. மறுபடி முட்டிவிட்டுக் கால் மடிந்து படுத்தது.

"ஒரே ஒரு இலை" என்றது செவலை.

"வேண்டாம். வந்ததும் உன்னை அவிழ்த்துவிடுவாள். ஒரு நாழிகைதான்" என்றது செடி.

"என் குட்டி அதுவரை தாங்காது."

ஒரு இலையைத்தான் கடித்தது. இனிப்பு நாக்கில் பட்டதும் வாய் நிற்கவில்லை. ஆறையும் தின்றது.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு இலை கிள்ள வந்த இருளாயி வெறும் குச்சிகளைப் பார்த்தாள். காடு முழுக்க ஓடித் தேடினாள், ஒரு துளிர்கூடக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது பேச்சிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

மறுநாள் பிள்ளையைப் புதைத்துவிட்டு இருளாயி முளைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடி விழும் என்று செவலை தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"இனிச்சுதா?" என்று கேட்டாள் இருளாயி.

செவலை தலையைத் தூக்காமலே, "இனித்தது" என்றது. "குட்டிக்குப் பால் ஊறியது."

இருளாயி கயிற்றை அவிழ்த்துவிட்டு எழுந்து நடந்தாள். அப்புறம் அவள் ஆடு மேய்க்கவில்லை.

எல்லாவற்றையும் செடி கேட்டுக்கொண்டிருந்தது. "இனித்ததால்தானே பிள்ளை போயிற்று" என்றது. வேரைப் பாறைக்கு அடியில் இறக்கி, மண்ணில் இருந்த கசப்பையெல்லாம் உறிஞ்சியது. ஒரு வாரம் கழித்துத் துளிர்த்த இலையைச் செவலை வந்து கடித்துவிட்டு, குமட்டித் துப்பியது.

"நோய் கண்டவர் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்கள். உனக்கு இனி இது வேண்டாம்" என்றது செடி.

அன்று முதல்தான், கோடையில் வேறு பச்சையே இல்லாவிட்டாலும் ஆடு அந்தச் செடியை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. ஆடுதொடா என்று பெயர் வந்து, சொல்லிச் சொல்லி ஆடாதோடை ஆயிற்று. இன்றும் சளியும் காய்ச்சலுமாகக் கிடக்கும் பிள்ளைக்கு அந்தக் கசாயத்தைப் புகட்டினால், பிள்ளை அழுது பாதியைத் துப்பிவிட்டுத்தான் மீதியை விழுங்குகிறது.