ரயிலடிக்குப் போன வீணை

மீனலோசனி டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் வீணை கற்ற தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. தபால் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தன் நாற்பத்தெட்டாம் வயதில் டீச்சரிடம் கற்கச் சேர்ந்தவர். இனிமேல் விரல் எங்கே வளையப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் மட்டும் சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்து, தன் அப்பா வாசித்த வீணையையே டீச்சர் அவர் கையில் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. வாசிக்காத வீட்டில் அது இருக்கக் கூடாது.

பிறகு தணிகாசலத்தின் மகளுக்கு மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. ஏலக்காய் வியாபார ஊர். தெருவில் நடந்தாலே பாயசம் குடித்த மாதிரி இருக்கும். மகளோடு அவரும் போனார், வீணையும் போனது.

எட்டு மாதம் கழித்து டீச்சருக்கு ஒரு கடிதம் வந்தது. தபால் ஆபீஸ் மனுஷன், இப்படி ஒரு விஷயத்தைப் போனில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீணையைத் திருப்பித் தந்துவிடுகிறேன், என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

டீச்சர் ராத்திரி வண்டி பிடித்து, காலையில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். வீணை கூடத்து மூலையில் உறை போட்டு நின்றது.

"ஜன்னலெல்லாம் ஏன் சார் சாத்தியிருக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"வாசிக்கும்போது அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாமேன்னு சாத்தினது. அப்படியே பழகிப்போச்சு."

வாசல் கதவின் அடியில் ஒரு பழைய வேட்டியைச் சுருட்டிச் செருகியிருந்தார். சத்தம் அந்த இடுக்கு வழியாகக்கூடத் தெருவுக்குப் போய்விடக் கூடாதாம்.

"கடைசியா எப்ப வாசிச்சீங்க?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார். "ரெண்டு மாசம் ஆச்சு டீச்சர்."

தணிகாசலமே காபி போட்டுக் கொண்டுவந்தார். டீச்சர் குடித்தார். தணிகாசலம் குடிக்கவில்லை.

"அங்கன்னா வெள்ளிக்கிழமை ஆனா உங்க வீட்ல கூடிருவோம். மிருதங்கத்துக்கு ஒருத்தர் இருப்பார். கேக்கப் பத்துப் பேர் இருப்பாங்க. இங்க நான் விசாரிக்காத இடமில்லை. சபா இருக்கான்னு கேட்டேன், இல்லைன்னாங்க. முறையாச் சங்கீதம் படிச்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேன். எல்லாரும் தலையை ஆட்டிட்டுப் போறாங்க. எத்தனை நாளைக்குத்தான் சுவத்துக்கு வாசிக்கிறது? ஒரு நாள் உறையைப் போட்டேன். அப்புறம் எடுக்கத் தோணலை."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியாமத்தான் கேக்கிறேன் டீச்சர். புது ஊர்ல கூட வாசிக்க ஒரு ஆளும் கேக்க நாலு ஆளும் எப்படித் தேடிப் பிடிக்கிறது?"

"எனக்குத் திரும்ப வண்டி எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு பத்து."

"அப்போ வீணையை எடுங்க. கிளம்புவோம்."

"இப்ப எட்டரைதானே ஆகுது? மெதுவா ஆட்டோ சொல்லிக்கலாம்."

"ஆட்டோவுல குலுங்கும். நடந்தே போயிருவோம்."

ரயிலடி ஒன்றரை மைல். வீணை, பலாமரத்தில் குடைந்த நாலடி நீளச் சாமான். தணிகாசலத்துக்கு வலது முழங்காலில் வலி வேறு. ஆனால் டீச்சர் ஏற்கெனவே யாளி முகம் இருந்த பக்கத்தைத் தூக்கிவிட்டார். இவர் மறுமுனையில் இருந்த உருண்டைக் குடத்தைப் பிடித்துக்கொண்டார். வீணையின் கழுத்துக்கு அடியில் மாட்டும் காய்ந்த சுரைக்காய், தனியாகக் கழற்றி வைத்திருந்தது, ஒரு பையில் அவர் தோளில் தொங்கியது. உட்கார ஒரு ஜமுக்காளம் வேண்டும் என்று டீச்சர் அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்கத் தணிகாசலத்துக்குத் தோன்றவில்லை.

தெருமுனையிலேயே மூச்சு வாங்கியது. ஒரு தையல் கடை வாசலில் வீணையைப் படியில் சாய்த்துவிட்டு நின்றார்கள். கடைக்காரர் மரியதாஸ் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னங்கய்யா இது, இம்புட்டு நீளமா?"

"வீணை."

"நீங்க அந்தப் பச்சைக் கேட்டு வீடுதானே? அப்போ காலையில லேசா ஒரு சத்தம் வருமே, அது இதுதானா? நான் ரேடியோன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்."

தணிகாசலம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜமுக்காளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமாச் சத்தத்தைக் காணோம்," என்றார் மரியதாஸ். "ரேடியோ ரிப்பேர் போலன்னு விட்டுட்டேன். அது வரும்போது மெஷினை மிதிக்க மாட்டேன் பாத்துக்கங்க. மெஷின் ஓடினா கேக்காது."

அந்த ஆறு மாதமும் தணிகாசலம் வாசித்தது சுவருக்கு இல்லை. இந்த மனிதர் பிழைப்பை நிறுத்திவைத்துக் கேட்டிருக்கிறார், வேட்டி செருகிய கதவைத் தாண்டி வந்த அந்தக் கொஞ்சத்தை.

"நீங்க விடுங்கம்மா. நான் பிடிக்கிறேன்," என்று மரியதாஸ் யாளி முகத்தை வாங்கிக்கொண்டார். கடையை யார் பார்ப்பார்கள் என்று தணிகாசலம் கேட்டதற்கு, துணி எங்கேயும் ஓடிப்போகாது என்றார்.

ஏலக்காய் மண்டித் தெருவுக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. நிழலில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒச்சம்மாள் என்ற அம்மாள் முறத்தை நிறுத்தினாள்.

"ஏன்யா, சாமியவா தூக்கிட்டுப் போறீக?"

"வீணைம்மா."

"அதுக்கு ஏன் மொகமெல்லாம் இப்படி வேர்த்துக் கெடக்கு ஒங்களுக்கு?"

"வெயிலுக்குப் பயமா இருக்கு. இதுல விரல் வைக்கிற பித்தளை மெட்டையெல்லாம் மெழுகுலதான் நிறுத்தியிருக்கு. சூடு ஏறினா மெழுகு இளகிரும்."

ஒச்சம்மாள் எழுந்துவிட்டாள். "இத முன்னாடியே சொல்ல வேணாமா? ஏலக்காயும் இதே ரகந்தான். வெயில் பட்டாப் பச்சை வெளுத்துப்போகும், அப்புறம் எவனும் சீந்த மாட்டான்." சுவரில் மாட்டியிருந்த தன் குடையை எடுத்து விரித்தாள். பிடித்தது வீணைக்கு மேலே. தணிகாசலத்தின் வழுக்கைத் தலைக்கு ஒரு ஓரம்கூடக் கிடைக்கவில்லை.

"உங்க வேலை கெடுமேம்மா."

"சாயங்காலம் சேத்துப் பொறுக்கிக்கிறேன். நீங்க நடங்க."

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் சைக்கிளோடு நின்றிருந்தவர் வீணையை ஒரு முறை பார்த்தார், தணிகாசலத்தின் தோளில் இழுத்துக்கொண்டிருந்த பையை ஒரு முறை பார்த்தார்.

"அதுல என்ன இருக்கு?"

"சுரைக்காய். வீணையோட சேர்ந்தது. உடைஞ்சா உடனே கிடைக்காது."

"குடுங்க," என்றார் அவர். சைக்கிள் பின்னால் வைக்கோல் பரப்பிய ஒரு காலி மரப்பெட்டி இருந்தது. "நான் முட்டை யாவாரம். பேரு சிக்கந்தர். தினம் முந்நூறு முட்டை கொண்டுபோறேன். ஒண்ணு ஒடைஞ்சதில்லை."

அதற்குப் பிறகு ரயிலடி வரைக்கும் சிக்கந்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். பள்ளம் வந்தால் மட்டும் நின்று, பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கிக் கடத்தினார்.

தணிகாசலம் இந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி நடந்தார். தூக்கிக்கொண்டு போவது திருப்பிக் கொடுப்பதற்கு என்று இவர்களிடம் அவர் சொல்லவில்லை. சொல்லாதது உறுத்தியது. எட்டு மாதம் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார், கையை வீசிக்கொண்டு. ஒருவரும் அவரை நிறுத்தி ஒன்றும் கேட்டதில்லை.

பிளாட்பாரத்தில் கூட்டம் இல்லை. வேப்பமர நிழலில் டீச்சர் ஜமுக்காளத்தை விரித்தார்.

"வாங்கிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, சார். வீணை கை மாறும்போது சுருதி சேர்த்துத்தான் கொடுக்கணும். எங்க அப்பா வெச்ச வழக்கம்."

அது தணிகாசலத்துக்கும் தெரியும். தனக்கு வந்தபோது அப்படித்தான் வந்தது. உட்கார்ந்து உறையைக் கழற்றினார். சிக்கந்தர் சுரைக்காயை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். இரண்டு மாதத்துத் தூசியை ஒச்சம்மாள் கேட்காமலே முந்தானையால் துடைத்தாள். தந்திகள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டு வந்தார். ஏழு தந்தியும் ஒன்று சேர்ந்ததும் நிமிர்ந்தார்.

"சேர்ந்துருச்சு டீச்சர்."

"வாசிச்சாத்தானே தெரியும்."

மோகன ராகத்தில் ஆரம்பித்தார். முதலில் விரல் தடுமாறியது. நுனியில் காய்ப்பு போய்விட்டிருந்ததால் தந்தி அறுத்தது. இரண்டாவது சுற்றில் கை பழைய வழிக்கு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு தட்டல் கேட்டது. கண்ணைத் திறந்தார். மரியதாஸ் முட்டைப் பெட்டியிலிருந்த வைக்கோலைக் கொட்டிவிட்டு, அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முன்னால் சம்மணமிட்டிருந்தார்.

"மாதா கோயில்ல ஞாயித்துக்கிழமை பாட்டுக்குத் தபேலா நான்தாங்கய்யா," என்றார் கூச்சத்தோடு. "கை சும்மா இருக்க மாட்டேங்குது. இடைஞ்சலா இருந்தா நிறுத்திர்றேன்."

யாரிடம் படித்தீர்கள் என்று கேட்கத் தணிகாசலம் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க," என்றார்.

முறையான தாளக் கணக்கெல்லாம் இல்லாத தட்டல்தான். ஆனால் இவர் எங்கே மூச்சு விடுவார் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. சாத்திய ஜன்னலைத் தாண்டி ஆறு மாதம் கேட்ட கை அல்லவா. போர்ட்டர் ஒருவர் வந்து நின்றார். வண்டிக்குக் காத்திருந்த ஒரு குடும்பம் பெஞ்சை விட்டு எழுந்து கிட்டே வந்தது. சிக்கந்தர் சைக்கிளைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார், தொழுகையில் நிற்பவர்போல.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. தணிகாசலம் மரியதாசின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க," என்றார்.

"இந்தப் பாட்டுக்கு என்னய்யா பேரு?" என்று ஒச்சம்மாள் கேட்டாள்.

"மோகனம்மா."

"பேரு கெடக்கட்டும். மறுபடி எப்ப வாசிப்பீக? அதச் சொல்லுங்க."

அப்போது வண்டி வந்துவிட்டது.

டீச்சர் தன் சின்னப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினார். தணிகாசலமும் மரியதாசும் அவசரமாக உறையைப் போட்டு, வீணையை ரயில் பெட்டி வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். ஒச்சம்மாள் குடையோடு ஓடிவந்தாள். சிக்கந்தர் சுரைக்காயை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"பிடிங்க டீச்சர்," என்றார் தணிகாசலம்.

டீச்சர் கையை நீட்டவில்லை.

"வீட்லேர்ந்து இதை எத்தனை பேர் தூக்கிட்டு வந்தோம், சார்?"

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். "உங்களையும் சேர்த்து அஞ்சு பேர்."

வண்டி மெல்ல நகர ஆரம்பித்தது.

"நான் தனி ஆள்," என்றார் டீச்சர். "என்னால எப்படித் தூக்க முடியும்?"

தணிகாசலத்துக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. இரண்டு கையிலும் வீணை இருந்தது.